தேயாத துத்தநாகம் நல்ல சகுனம் அல்ல

பாய்மரப் படகைக் கிரேன் வைத்துக் கரையேற்றியதும் உரிமையாளர் முதலில் போய் நிற்பது அதன் பின்புற அடிப்பகுதியில்தான். கொட்டலசும் பாசியும் அப்பிக் கிடக்கும் அந்த இடத்தில், புரொப்பெல்லரைச் சுழற்றும் உலோகத் தண்டின் மேல், முட்டை வடிவத்தில் சாம்பல் நிறக் காப்பு ஒன்று மாட்டியிருக்கும். துத்தநாகத்தில் வார்த்தது. படகுத்துறைகளில் அதற்கு ‘ஜிங்க்’ என்றே பெயர். போன வருடம் மாட்டியபோது இருந்த அதே வழுவழுப்போடு, வார்ப்பு எழுத்துகூட அழியாமல் இருந்தால் பலருக்கும் மகிழ்ச்சி. கொஞ்சமும் தேயவில்லை, இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று சொல்லி, அடிப்பகுதியைக் கழுவி, வண்ணம் பூசி, படகை மறுபடி நீரில் இறக்கிவிடுகிறார்கள்.

அந்த மகிழ்ச்சியில்தான் ஆபத்து இருக்கிறது. தேய்வதற்கென்றே மாட்டிய பொருள் தேயவில்லை என்றால் அதன் வேலையை வேறொன்று செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அநேகமாக அது புரொப்பெல்லராக இருக்கும். இல்லாவிட்டால் தண்டாக இருக்கும்.

பாய்மரப் படகுக்குப் புரொப்பெல்லர் எதற்கு என்று கரையில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். காற்று விழுந்துவிட்ட நேரத்திலும், நெரிசலான துறைமுகத்துக்குள் நுழையும்போதும் பாயை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதனால் இன்று கடலோடும் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை சிறிய டீசல் எஞ்சின் ஒன்றையும் சுமந்து செல்கின்றன. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்ற 17 மீட்டர் பாய்மரப் படகில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். படம் எடுப்பவர்கள் பாய்களை எடுத்தார்கள்; அது நியாயம்தான். ஆனால் மாதக்கணக்கில் உப்புநீரில் நிற்கும் எந்தப் படகிலும், நீர்மட்டத்துக்குக் கீழே என்னென்ன உலோகங்கள் இருக்கின்றன, அவை ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்ற கேள்வி, பாயைப் பற்றிய கேள்விக்குச் சற்றும் குறைந்ததல்ல. தண்டு முறிந்து வெளியே நழுவினால், அது நுழைந்திருந்த துளை வழியாகக் கடல் உள்ளே வரும்.

நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ளப் பழைய டார்ச் விளக்கு ஒன்று போதும். அதற்குள் போட்ட சாதாரணப் பேட்டரிக் கட்டையை மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அது பொத்துக்கொண்டு ஒழுகும். அந்தக் கட்டையின் வெளிச்சுவர் துத்தநாகம். நடுவில் கரிக்குச்சி, இடையில் உப்புப் பசை. மின்சாரம் தரத் தரத் துத்தநாகச் சுவர் கரைந்துகொண்டே போகிறது. கரிக்குச்சிக்கு ஒன்றும் ஆவதில்லை. கடலில் நிற்கும் படகும் இப்படி ஒரு கட்டைதான். வெவ்வேறான இரண்டு உலோகங்கள், அவற்றை இணைக்கும் ஓர் உலோகப் பாதை, இரண்டையும் நனைக்கும் உப்புநீர், இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் ஒன்று கரையும், மற்றொன்று பிழைக்கும்.

இத்தாலியின் போலோன்யா நகரில் லூயிஜி கால்வானி, இருவேறு உலோகங்கள் தொட்டபோது செத்த தவளையின் கால் துடித்ததைக் கண்டு அது விலங்கின் உடலில் உள்ள மின்சாரம் என்று நினைத்தார். மின்சாரம் உலோகங்களின் சேர்க்கையிலிருந்து வருகிறது என்று காட்டியவர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, 1800-இல் உலகின் முதல் மின்கல அடுக்கை அவர் அறிவித்தார். ஆனாலும் ‘கால்வானிக் அரிப்பு’ என்று இதற்குப் பெயர் வாய்த்தது கால்வானியிடமிருந்துதான். வீட்டுக் கிணற்றடியில் கிடக்கும் ஜி.ஐ. வாளியின், அதாவது ‘கால்வனைஸ்டு அயர்ன்’ வாளியின், பெயரிலும் அவரே இருக்கிறார். இரும்பின் மேல் பூசிய துத்தநாகம், கீறல் விழுந்த இடத்தில்கூடத் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது.

யார் கரைவார், யார் பிழைப்பார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். கடல்நீரில் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனை ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்து அளந்தால் துத்தநாகம் மைனஸ் 1 வோல்ட்டுக்கு அருகே நிற்கும். சாதாரண எஃகு மைனஸ் 0.6 முதல் 0.7 வரை. வெண்கல வகைகள் மைனஸ் 0.3-ஐ ஒட்டி. 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்ல நிலையில் இருந்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம். கிராஃபைட் அதையும் தாண்டி பிளஸ் பக்கம். இரண்டு பொருள்கள் இணையும்போது இந்த ஏணியில் கீழ்ப்படியில் நிற்பது கரையும். இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கரைப்பும் மூர்க்கமாக இருக்கும். கரையும் உலோகத்தின் பரப்பு சிறியதாகவும் பிழைக்கும் உலோகத்தின் பரப்பு பெரியதாகவும் இருந்துவிட்டால் இன்னும் மோசம்.

இந்தப் பரப்புக் கணக்கைப் பிரிட்டிஷ் கடற்படை, கால்வானியின் தவளைக்கு இருபது ஆண்டுகள் முன்பே, தன் கப்பல் ஒன்றின் அடியில் கண்டது. மரக்கப்பல்களைத் துளைக்கும் கப்பல் புழுவையும், வேகத்தைக் குறைக்கும் கொட்டலசையும் தடுக்க, 32 பீரங்கிகள் கொண்ட ‘அலாரம்’ என்ற கப்பலின் அடிப்பகுதி முழுவதும் 1761-இல் செம்புத் தகடு அடித்தார்கள். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. 1763-இல் கரையேற்றிப் பார்த்தபோது செம்பு நன்றாக இருந்தது, புழுவும் இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பசைபோல ஆகிவிட்டிருந்தன. பல இடங்களில் தகடுகளே கழன்று போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதிதுபோல இருந்தன. காரணம் தேடியபோது கிடைத்தது, பழுப்புக் காகிதம். தகடுகள் காகிதம் சுற்றி வந்திருக்கின்றன. சில இடங்களில் தொழிலாளர்கள் அதைப் பிரிக்காமலேயே அடித்துவிட்டார்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே நின்ற அந்தக் காகிதம் ஆணியைக் காப்பாற்றிவிட்டது.

மின்கலம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், பார்வையிட்டவர்கள் சரியான முடிவையே எழுதினார்கள்: கடல்நீரில் செம்பும் இரும்பும் நேரடியாகத் தொடக்கூடாது. அடுத்து நடந்தது அதைவிட முக்கியமானது. அமெரிக்க விடுதலைப் போர் நெருக்கியபோது, வேகம் வேண்டும் என்ற அவசரத்தில், தடுப்புக் காகிதத்தையும் பூச்சையும் நம்பிக் கடற்படை தன் கப்பல்களுக்கெல்லாம் செம்பு அடித்தது. காகிதம் நனைந்தது, கிழிந்தது. கப்பலைக் கட்டிப் பிடித்திருந்த பெரிய இரும்புப் போல்ட்டுகளே உள்ளுக்குள் கரையத் தொடங்கின. 1780-களில் போல்ட்டுகளையே செம்புக் கலவைக்கு மாற்றிய பிறகுதான் பிரச்சினை அடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே கையில் இருந்த அறிக்கை, இருபது ஆண்டுகள் கழித்துப் பெருஞ்செலவில் மறுபடி எழுதப்பட்டது.

கரைவதற்கென்றே ஓர் உலோகத்தைத் துணைக்கு வைக்கலாம் என்ற யோசனை ஹம்ஃப்ரி டேவியுடையது. செம்புத் தகடுகள் தேய்வதைத் தடுக்க வழி கேட்ட கடற்படைக்கு, 1824-இல் அவர் சொன்ன பதில் எளிமையானது: செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ இணையுங்கள், அது கரையும், செம்பு நிற்கும். இந்த ஆய்வுகளில் அவருக்கு உதவியவர் மைக்கேல் ஃபாரடே. ‘சமராங்’ என்ற கப்பலில் சோதித்தார்கள். செம்பு அப்படியே நின்றது. ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டிவிட்டன. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரில் கலந்ததால்தான் உயிரினங்கள் ஒட்டாமல் இருந்தன. கரைவதை நிறுத்தியதும் காவலும் போயிற்று. கடற்படை அந்தத் துத்தநாகத்தையும் இரும்பையும் கழற்றச் சொன்னது. டேவி தோற்றார் என்று அந்தக் காலத்தில் பேசினார்கள். வேதியியல் தோற்கவில்லை. எதைக் காக்கிறோம், எவ்வளவு காக்கிறோம் என்ற அளவுதான் அங்கே தவறியது. இன்று பாய்மரப் படகுகளின் தண்டில் சுற்றியிருக்கும் துத்தநாகக் காப்பு டேவியின் அந்த யோசனைதான்.

அந்தத் தண்டுக்கு வருவோம். இப்போது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு, அதன் முனையில் ‘மாங்கனீஸ் வெண்கலம்’ என்று விற்கப்படும் புரொப்பெல்லர். பெயரில் வெண்கலம் இருந்தாலும் அதில் ஏறத்தாழ 58 சதவீதம் செம்பு, 39 சதவீதம் துத்தநாகம். அதாவது அது பித்தளை. படகு வாங்குகிறவர்களுக்கு இந்தப் பெயரே பாதி உண்மையை மறைத்துவிடுகிறது. காவல் இல்லாமல் இந்தப் புரொப்பெல்லர் ஸ்டீல் தண்டோடு கடலில் நின்றால், கலவைக்குள் இருக்கும் துத்தநாகம் முதலில் வெளியேறும். வடிவம் மாறாது. நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். மிஞ்சுவது ஓட்டை விழுந்த செம்புப் பஞ்சு. நல்ல உலோகத்தைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் என்பது வெண்கலப் பானையைத் தட்டி வாங்கிய தலைமுறைக்குத் தெரியும். துத்தநாகம் போன புரொப்பெல்லரைச் சிறு சுத்தியலால் தட்டினால் ‘டொக்’ என்று அடங்கும். சுற்றும் வேகத்தில் அதன் இறக்கை ஒருநாள் உடைந்து போகும்.

ஸ்டீல் தண்டும் பத்திரம் என்று சொல்ல முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலம். அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். படகு ஓடாமல் மாதக்கணக்கில் கட்டிக் கிடந்தால், தண்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்குக்குள்ளும், தண்ணீர் புகாமல் அடைக்கும் பேக்கிங்குக்குள்ளும் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. படலம் உடைகிறது. பூஜ்யத்துக்கு அருகில் நின்ற அதே உலோகம் அந்த இடத்தில் மட்டும் மைனஸ் 0.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரே தண்டில் ஒரு பகுதி உயர்ந்த உலோகம், இன்னொரு பகுதி தாழ்ந்த உலோகம். வெளியே பளபளப்பு, பேரிங்குக்குள் ஊசித்துளைகள். படகை அடிக்கடி ஓட்டுங்கள், ஓட்ட முடியாவிட்டால் அவ்வப்போது எஞ்சினைக் கியரில் போட்டுத் தண்டைச் சுழற்றியாவது விடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். அடைப்புக்கு கிராஃபைட் சேர்த்த பேக்கிங் கயிறு போடுவதும் இதே குற்றத்துக்குத் துணைபோவதுதான். ஏணியின் உச்சியில் நிற்கும் பொருளைத் தண்டின் மேல் இறுக்கிச் சுற்றிவிட்டு, தண்டு ஏன் குழிவிழுகிறது என்று யோசிப்பதில் பயனில்லை.

ஆக, காவல் வேண்டும். துத்தநாகம் மாட்ட வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். மாட்டிய துத்தநாகம் வேலை செய்கிறதா என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அது தேயாமல் புதிதாகவே இருப்பதற்கு அநேகமாகப் பின்வரும் கதைகளில் ஒன்று காரணமாக இருக்கும்.

மிகச் சாதாரணமான கதை, தொடர்பு இல்லாமை. துத்தநாகம் தண்டை உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும். பாசியின் மேலோ, பழைய பூச்சின் மேலோ, கிரீஸின் மேலோ மாட்டினால் அது வெறும் பாரம். தண்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இரண்டு பாதிகளையும் பொருத்தி, திருகை முடுக்கி, மரச்சுத்தியால் நாலு தட்டுத் தட்டி, மறுபடி முடுக்க வேண்டும். இரண்டாவது முறை முடுக்கும்போது திருகு அரைச்சுற்றாவது உள்ளே போகும். போகாமல் விட்ட அந்த அரைச்சுற்றுதான் பிறகு காப்பைத் தளர வைக்கிறது. பேரிங்கை ஒட்டியே மாட்டிவிடவும் கூடாது. அதற்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவது அதன் வழியே ஓடும் கடல்நீர், அந்த வழியை அடைக்காமல் ஓர் அங்குலமாவது இடைவெளி விட வேண்டும்.

படகின் உடலில் பதித்த பெரிய துத்தநாகக் கட்டி தண்டையும் சேர்த்துக் காக்கும் என்று நம்புவது அடுத்தது. கட்டி எஞ்சினோடு கம்பியால் இணைந்திருக்கும். எஞ்சின் தண்டோடு இணைந்திருக்கும். ஆகவே எல்லாம் ஒன்று என்று தோன்றும். ஆனால் இன்று பல படகுகளில் கியர்பாக்ஸுக்கும் தண்டுக்கும் நடுவே அதிர்வைக் குறைக்க ரப்பர் அல்லது பிளாஸ்டிக் இணைப்பு இருக்கிறது. மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். அது இல்லாத படகிலும் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் படலம் நம்பகமான பாதை அல்ல. இணைப்பைத் தாண்டி ஒரு கம்பி போட வேண்டும். அல்லது சுழலும் தண்டை எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும்படி வில் வைத்த பிரஷ் ஒன்றைப் பொருத்த வேண்டும். அந்தப் பிரஷ்ஷும் எண்ணெய் படிந்தால் ஊமையாகிவிடும்.

வண்ணம் பூசுகிறவர் ஆர்வத்தில் துத்தநாகத்தின் மேலும் ஒரு கை பூசிவிடுவதும் நடக்கிறது. அதை விளக்க வேண்டியதே இல்லை.

துத்தநாகமே தரமற்றதாக இருப்பது கண்ணுக்குப் படாத கதை. அமெரிக்க ராணுவத் தரவிதி இந்தக் காப்புகளில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் இரும்பு கலந்தால் துத்தநாகத்தின் மேல் கெட்டியான தோல் படிந்து, அது கரைவதை நிறுத்திக்கொள்கிறது. பழைய துத்தநாகத்தை உருக்கி இரும்புச் சட்டியில் வார்த்தால் இரும்பு இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். கடையில் இரண்டும் ஒரே நிறம், ஒரே எடை.

தண்ணீரும் மாறும். ஆற்றுமுகத்திலும் நன்னீர் ஏரியிலும் கட்டிக் கிடக்கும் படகில் துத்தநாகத்தின் மேல் வெள்ளையாக ஒரு மேலோடு படிந்துவிடும். பிறகு கடலுக்குப் போனாலும் அது எளிதில் விழிப்பதில்லை. உப்பும் நன்னீரும் கலந்த இடங்களுக்கு இண்டியம் சேர்த்த அலுமினியக் காப்பு ஏற்றது, நன்னீருக்கு மக்னீசியம். ஆனால் மக்னீசியத்தைக் கடலில் மாட்டினால் அதன் வேகம் எல்லை மீறி, சீக்கிரமே தானும் தீர்ந்து, பக்கத்தில் உள்ள பூச்சையும் கிளப்பிவிடும்.

இன்னொரு பக்கம், துத்தநாகம் மாயமாக மறையும் படகுகளும் உண்டு. படகுத்துறையில் கட்டிவைத்து, கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகுகளில் இது அதிகம். மின்கேபிளின் பச்சை நிற எர்த் கம்பி, துறையில் உள்ள எல்லாப் படகுகளின் உலோகங்களையும் ஒரே சரமாகக் கோத்துவிடுகிறது. கடல்நீர் ஏற்கெனவே பொது. ஆக, ஒருவர் படகில் மாட்டிய துத்தநாகம் பக்கத்துப் படகின் வெண்கலத்தையும், சில நேரம் துறையின் எஃகுத் தூண்களையும் சேர்த்தே காக்கத் தொடங்குகிறது. கணக்கு கறாரானது: ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓர் ஆண்டு ஓடினால் சுமார் 11 கிலோ துத்தநாகம் கரையும். வெறும் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் கசிந்தாலே ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு மாட்டும் காப்பு ஏறக்குறைய அரைக் கிலோதான்.

இதைக் கண்டுபிடித்த சிலர் அந்தப் பச்சைக் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். துத்தநாகம் பிழைத்துவிடும். ஆனால் படகுக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அது தப்பிக்க வழியில்லாமல் படகின் உலோகத்துக்கும் சுற்றியுள்ள நீருக்கும் போகும். அந்த நீரில் யாராவது இறங்கினால் உயிர் போகலாம். ஒருபோதும் செய்யக் கூடாத காரியம் இது. இதற்கென்றே கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. உள்ளே டையோடுகள். 1.2 வோல்ட் வரையிலான அரிப்பு மின்சாரத்தைத் தடுத்து, ஆபத்தான மின்கசிவை மட்டும் எர்த் வழியே போகவிடும். இதைவிட உறுதியானது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். விலையும் எடையும் கூடுதல்.

படகின் சொந்த பேட்டரியிலிருந்தே மின்சாரம் கசிவது வேறு நோய். அடித்தளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பின் கம்பியில் தோல் உரிந்து, அது அந்த நீரில் கிடந்தால், 12 வோல்ட் மின்சாரம் தண்டு வழியே கடலுக்கு இறங்கும். உலோகங்களுக்கு இடையிலான இயல்பான அரிப்பு கால் வோல்ட், அரை வோல்ட் கணக்கில் மாதக்கணக்கில் நடப்பது. இதுவோ சில நாள்களிலேயே புரொப்பெல்லரைத் தின்றுவிடும். எத்தனை துத்தநாகம் மாட்டினாலும் இதைத் தடுக்க முடியாது. கம்பியைச் சரிசெய்வதுதான் ஒரே மருந்து.

துத்தநாகம் கூடுதலாக இருந்தால் கூடுதல் காவல்தானே என்ற எண்ணமும் தவறு. மரப்படகுகளில் அளவுக்கு மேல் மாட்டினால், காக்கப்படும் வெண்கலப் பொருத்துகளைச் சுற்றிக் காரம் உருவாகி, மரத்தையே மென்மையாக்கி உதிர்த்துவிடுகிறது. போல்ட் நன்றாக இருக்கும், அதைப் பிடித்திருந்த பலகை நார்நாராகியிருக்கும். சமராங் கப்பலின் பாடம் வேறு வடிவத்தில் திரும்ப வந்து நிற்கிறது.

பணமும் பொறியாளர்களும் இருந்தால் இந்தத் தவறுகள் நடக்காது என்று நினைக்கவும் இடமில்லை. 1915-இல் அமெரிக்காவில் ஒரு செல்வந்தருக்காகக் கட்டிய ‘சீ கால்’ என்ற உல்லாசப் பாய்மரக் கப்பலுக்கு, அரிக்கவே அரிக்காது என்று பெயர்பெற்ற நிக்கல்–செம்புக் கலவையான மோனல் தகடுகளைப் போர்த்தினார்கள். மோனல் அரிக்கவில்லை. அதைத் தாங்கிய எஃகுப் பாகங்கள் அரித்தன. கப்பல் சில வாரங்களுக்கு மேல் தாங்கவில்லை. அது பழைய காலம் என்றால், 2010-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘இண்டிபெண்டன்ஸ்’ போர்க்கப்பலைப் பார்க்கலாம். அலுமினிய உடல், எஃகு உந்துகருவிகள். மறு வருடமே, உந்துகருவிகளைச் சுற்றி அலுமினியம் மூர்க்கமாக அரிப்பதாகக் கடற்படையே ஒப்புக்கொண்டது. கட்டும்போது மின்வேதிக் காவல் அமைப்பு அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. டேவியின் யோசனைக்கு அப்போது வயது 187.

அறிவுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. தமிழ்நாட்டுக்கு அது இன்னும் பொருந்தும். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பைத் தன் முக்கியத் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கடல்நீரிலும் கடற்காற்றிலும் உலோகங்களை வைத்துப் பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு சோதனை மையமே உண்டு. பாம்பன் பாலத்தைத் தின்னும் அதே உப்புக்காற்று வீசும் இடம் அது. இந்த விஷயத்தில் உலகம் எங்கே தேடிப் போகுமோ, அது இங்கே பேருந்து தூரத்தில் இருக்கிறது.

இல்லாதது அளக்கும் பழக்கம். படகை விற்கிறவர் துத்தநாகம் மாட்டியிருக்கிறது என்கிறார். பார்வையிடுகிறவர் துத்தநாகம் உள்ளது என்று எழுதுகிறார். வாங்குகிறவர் அதைத் தடவிப் பார்க்கிறார். மூவரில் ஒருவரும் எண் கேட்பதில்லை. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனை ஒன்றும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் இருந்தால் போதும். மின்முனையைப் படகின் பக்கவாட்டில் நீருக்குள் தொங்கவிட்டு, மீட்டரின் மறுமுனையைப் படகுக்குள் தண்டில் வைத்தால் எண் வந்துவிடும். காவல் இல்லாதபோது மைனஸ் 0.3 காட்டிய தண்டும் புரொப்பெல்லரும், துத்தநாகம் சரியாக வேலை செய்தால் குறைந்தது 0.2 வோல்ட் இறங்கி மைனஸ் 0.5-க்கும் கீழே நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த எண்ணைக் குறித்துவைத்தால், அது மெல்லப் பூஜ்யத்தை நோக்கி ஏறும்போதே துத்தநாகம் தீர்ந்துவருவது தெரிந்துவிடும். கிரேன் செலவு செய்து படகைத் தூக்க வேண்டியதில்லை.

ஆகவே மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. படகுக்குச் சான்றிதழ் தரும் பார்வையாளர்கள், துத்தநாகம் ‘உள்ளது’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, தண்டின் மின்னழுத்த அளவைச் சான்றிதழில் எழுதட்டும். படகு கட்டுகிறவர்கள், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு உலோகத்தின் பெயரையும், எது எதோடு கம்பியால் இணைந்திருக்கிறது என்ற வரைபடத்தையும் வாங்குகிறவர் கையில் கொடுக்கட்டும். தண்டின் தரம் என்ன, புரொப்பெல்லர் பித்தளையா நிக்கல்–அலுமினிய வெண்கலமா என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. படகுத்துறை நடத்துகிறவர்கள், கரை மின்சாரம் எடுக்கும் படகுகளில் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று சோதிக்கட்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

நம் மீன்பிடித் துறைமுகங்களிலும் இது நடக்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும். புரொப்பெல்லரும் தண்டும் கழற்றிப் பார்க்கப்படும். பாய் இல்லை என்பதைத் தவிர, தண்டும் புரொப்பெல்லரும் உப்புநீரும் அங்கேயும் அவைதான். நடுக்கடலில் தண்டு போனால் பாயை விரித்துக்கொண்டு வீடு திரும்பும் வாய்ப்பும் அந்தப் படகுகளுக்கு இல்லை. அந்த 61 நாளில் காரைக்குடியிலிருந்து மீட்டரோடு இரண்டு பேர் துறைமுகத்துக்கு வந்து, அளப்பது எப்படி என்று பட்டறைக்காரர்களுக்குக் காட்டினால், அது ஒரு பருவத்துக்கு மட்டும் பயன்படும் உதவியாக இருக்காது.

படகு வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை படகு கரையேறும்போது, துத்தநாகத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு முனையைத் துத்தநாகத்தில் சுரண்டி வையுங்கள், மறுமுனையைப் புரொப்பெல்லரில் வையுங்கள். மீட்டர் ஓர் ஓமுக்கு மேல் காட்டினால், அந்தப் படகு நீரில் இறங்க இன்னும் தயாராகவில்லை.